ஓடுற எஞ்சினைத் தொடாதே

சிங்கப்பூர்

மரீனா சௌத் படகுத்துறையிலிருந்து லாஞ்ச் கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே ஊரின் கண்ணாடிக் கட்டடங்கள் பின்னால் போய்விட்டன. முன்னால் கப்பல்கள், கண்ணுக்கு எட்டும் வரை. எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் கட்டிப்போட்ட ஆடுகள் குழைப் பக்கமே முகத்தைத் திருப்பி நிற்குமே, அதுபோல அத்தனையும் நீரோட்டத்தைப் பார்த்து ஒரே பக்கமாக நின்றன. எங்கள் கப்பல் எது என்று கேட்டேன். லாஞ்ச்காரர் கையைக் காட்டிய இடத்தில் துருவும் சிவப்புமாக ஒரு சுவர் தெரிந்தது. 190 மீட்டர் நீளம். நிலக்கரி, உப்பு, கோதுமை என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் சரக்குக் கப்பல்.

அதில் என் கணவர் செகண்ட் எஞ்சினியர். மனைவியைக் கூட்டிப் போக அனுமதி உண்டு என்பதால் ஒரு பயணம், சிங்கப்பூரிலிருந்து போர்னியோ போய் அங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும், நானும் ஏறிக்கொண்டேன். கப்பலில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சீஃப் எஞ்சினியர் ‘படா சாப்’. மூன்றாமவர் ‘தீன் சாப்’. கடைக்குட்டிப் பையன் ‘பாஞ்ச் சாப்’. சமையல்காரர் ‘பண்டாரி’. இரண்டு நாளில் நானும் வீட்டுக்காரரை ‘செகண்ட்’ என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் முகத்தில் அதற்கு ஒரு சின்னக் கோபம் வந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது.

முதல் நாள் மெஸ்ஸில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்த ஆள் தட்டில் சோற்றைக் குழி பறித்து ரசம் ஊற்றிய விதத்திலேயே ஊர் தெரிந்துவிட்டது. தூத்துக்குடி. கப்பலின் ஃபிட்டர். ஐம்பது வயது இருக்கும். “மேடத்துக்கு எந்த ஊரு?” கோவில்பட்டி என்றதும் மேடம் போய் தங்கச்சி வந்தது. அப்பா ஆயில் எஞ்சின் மெக்கானிக் என்றதும், கையிலிருந்த அப்பளத்தைப் பாதி உடைத்து என் தட்டில் வைத்தார்.

ஜாவா கடல்

கரிமாட்டா நீரிணை வழியாகத் தெற்கே இறங்கி, நிலநடுக்கோட்டைத் தாண்டி, போர்னியோவின் அடிவயிற்றைச் சுற்றிக் கிழக்கே போகிற வழி. கடல் கிணற்றுத் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. மூன்றாம் நாள் படா சாப் எஞ்சின் அறையைப் பார்க்க அனுமதி கொடுத்தார். எனக்குக் கொடுத்த பாய்லர் சூட்டுக்குள் என்னைப்போல இன்னொருத்தியும் நுழையலாம். கால்பக்கம் நான்கு மடிப்பு மடித்தேன். பெண்கள் கப்பலுக்கு வர ஆரம்பித்து இத்தனை வருஷமான பிறகும் பாய்லர் சூட் தைக்கிறவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

இரும்புக் கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் பல்லில் ஏறிவிடுகிறது. எஞ்சின் என்று கீழே எதையோ தேடினேன். “நீ நிக்கிறதே எஞ்சின் மேலதான்” என்று செகண்ட் சைகை காட்டினார். மூன்று மாடி உயரம். கீழ்மாடியில் கிராங்க், நடுமாடியில் பம்புகள், மேல்தளத்தில் ஆறு சிலிண்டர்களின் தலைகள் வரிசையாக. அப்பா பட்டறையில் ‘ஹெட்’ என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் சிலிண்டர் கவர்.

கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்பா வாழ்நாள் முழுக்கக் கழற்றி மாட்டிய கிர்லோஸ்கர் 5 குதிரைத்திறன். சிலிண்டரின் குறுக்களவு 80 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 1500 சுற்று. இங்கே குறுக்களவு அரை மீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் முழுசாக 2 மீட்டர். முழு வேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்கு 127 சுற்றுதான். மாடிப்படி ஏறி வந்தவன் நாடி அளவு. ஆறு சிலிண்டருமாகச் சேர்ந்து ஏறக்குறைய 12,700 குதிரைத்திறன். அப்பாவின் எஞ்சின் 2,500 சேர்ந்தால் இது ஒன்று.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் வரைந்த எஞ்சின் இது. அங்கே இருந்த பர்மைஸ்டர் அண்ட் வைன் கப்பல்தளத்தில்தான் 1912-இல் ‘செலாண்டியா’ என்ற டீசல் கப்பல் கட்டி முடிக்கப்பட்டு பாங்காக் வரைக்கும் வந்து போனது. அதற்கு வழக்கமான புகைபோக்கி கிடையாது. புகைபோக்கி இல்லாத கப்பலை அந்தக் காலத்தில் கரையில் நின்று பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நான்காவது கவரின் பக்கத்தில் நின்றேன். செகண்ட் என் காதருகே கத்தினார்: “நங்கூரம் போட்டதும் இதைத்தான் கழட்டப் போறோம்!”

என்ன ரிப்பேர் என்று மேலே வந்ததும் கேட்டேன். ஒன்றுமில்லையாம். நன்றாகத்தான் ஓடுகிறதாம். கடைசியாகத் திறந்து 15,800 மணி நேரம் ஆகிவிட்டது, அவ்வளவுதானாம்.

எனக்கு உள்ளே எதுவோ பதறியது. “ஓடுற எஞ்சினைத் தொடாதே, தூங்குற புள்ளைய எழுப்பாதே” என்பது எங்கள் பட்டறையின் வேதவாக்கு. அப்பாவிடம் எஞ்சின் வந்தால் அது நின்றுபோனதாக இருக்கும், அல்லது கரும்புகை கக்கிச் சாகக் கிடப்பதாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கிறதைக் கொண்டுவந்து திறந்து பார்க்கச் சொன்னவனை அவர் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

முவாரா பெராவ்

போர்னியோவின் கிழக்கே, கரை தெரியாத நங்கூரத்துறை. மகாகம் ஆறு கொண்டுவந்து கொட்டும் மண்ணில் கடல் தேநீர் நிறமாக இருந்தது. நிலநடுக்கோடு கூப்பிடு தூரத்தில். காலையில் வெயில் கொளுத்தும், மதியம் வானம் ஒரு பக்கமாகக் கறுத்து வரும், சரக்கறைகளின் ஹாட்ச் மூடிகளை இழுத்து மூடி முடிப்பதற்குள் மழை கொட்டும், அரை மணியில் மறுபடி வெயில். ஆற்றுக்குள்ளிருந்து இழுவைப் படகுகள் ஏழாயிரம், எட்டாயிரம் டன் நிலக்கரியை மலைபோலக் குவித்த பார்ஜ்களை ஒவ்வொன்றாக இழுத்து வந்தன. கப்பலின் சொந்த கிரேன்களே அள்ளி உள்ளே போட்டன. இப்படியே ஆறேழு நாள்.

சரக்கு ஏற்றுகிற ஆட்கள் தனியாக வருவதில்லை. ஒரு குட்டி ஊரே ஏணியில் ஏறி வந்தது. பாய், தலையணை, அடுப்பு, அண்டா, ஒரு கூண்டில் கோழி, பழம் விற்கிறவர், சிம்கார்டு விற்கிறவர். கப்பலின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டி ஒரு பெண்மணி சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டார். அங்கே வயதில் மூத்த பெண்களை ‘இபு’ என்கிறார்கள், அம்மா. இபுவுக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம்.

“சுடா மாகான்?” என்பார் என்னைப் பார்த்ததும். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். வணக்கத்துக்குப் பதில் இதைக் கேட்கிற ஊர் நமக்கு அந்நியமாகாது. பழுப்புத் தாளில் கட்டிய சோறு, மேலே பொரித்த தெம்பே, கங்குங் கீரை வதக்கல், ஒரு துண்டு கருவாடு, ஓரத்தில் இறால் விழுது போட்டு இடித்த சம்பல். முதல் வாய்க்கே கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தினால் மட்டுமில்லை. எங்கள் ஆச்சி அம்மியில் அரைக்கும் கருவாட்டுத் துவையலின் வாசனை அது. கப்பலைத் தட்டிக் காட்டி இபு சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். “கபால்.” நம் சொல்தான். என்றைக்கோ நம்மவர்கள் கப்பலோடு சேர்த்து அந்தச் சொல்லையும் இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் வீட்டுக்காரர் ஆற்றில் ஓடும் கெதிந்திங் படகுகளின் சின்ன எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவராம். இபு கையால் கயிறு சுற்றி இழுத்துக் காட்டி, “டுக் டுக் டுக்” என்றார். என் அப்பாவும் அதேதான் என்று நானும் டுக் டுக் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்ததில் சம்பல் புரையேறியது.

எஞ்சினைத் திறக்க முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள். திறந்து வைத்திருக்கும் நேரத்தில் கப்பலால் நகர முடியாதே. காலை ஐந்து மணிக்கு ஆரம்பம். மேல்தளத்தில் மூலையில் ஒரு இடம் காட்டி, “இதைத் தாண்டக் கூடாது” என்றார் செகண்ட். வீட்டில் எனக்கு அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்.

முதல் மூன்று மணி நேரம் குழாய்கள்தான். எண்ணெய்க் குழாய், ஸ்டார்ட்டிங் காற்றுக் குழாய், தண்ணீர்க் குழாய், எக்ஸாஸ்ட் வால்வை அழுத்தித் திறக்கும் ஹைட்ராலிக் குழாய். ஒவ்வொன்றையும் கழற்றியதும் பாஞ்ச் சாப் அதன் வாயைத் துணியால் கட்டினான். பிள்ளைகளுக்குக் காதில் பஞ்சு வைக்கிற மாதிரி அவ்வளவு பதவிசாக. ஒரு நட்டு உள்ளே விழுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அப்புறம் எட்டு போல்ட்டுகள். என் மணிக்கட்டு கனமுள்ள ஸ்டட்கள், அவற்றின் தலையில் நட்டுகள். இதற்கு எவ்வளவு பெரிய ஸ்பேனர் வைத்திருப்பார்களோ என்று காத்திருந்தேன். ஸ்பேனரே இல்லை. ஒவ்வொரு ஸ்டட்டின் மேலும் குண்டு குண்டாக ஒரு ஜாக்கை மாட்டினார்கள். எட்டுக்கும் மெல்லிய ஹோஸ்கள், எல்லாம் ஒரே பம்பில் போய்ச் சேருகின்றன. தீன் சாப் பம்பை அடிக்க, மீட்டர் முள் ஏறியது. லாரி டயரில் 8 பார் காற்று இருக்கும். இங்கே ஆயிரம் பாரைத் தாண்டிப் போனது. எல்லாரும் ஜாக்குகளுக்கு நேரே இல்லாமல் விலகி நின்றார்கள். அந்த அழுத்தத்தில் ஊசித்துளை அளவு எண்ணெய் பீய்ச்சினாலும் தோலுக்குள் இறங்கிவிடும்.

அத்தனை அழுத்தமும் செய்கிற வேலை ஒன்றுதான்: ஸ்டட்டை ஒரு முடி அளவு நீட்டுவது. இரும்பும் ரப்பர்போல நீளும், விட்டால் சுருங்கும். நீண்டு நிற்கும் அந்தக் கணத்தில் நட்டு மேல் பாரமே இல்லை. ஃபிட்டர் அண்ணன் ஒரு சின்னக் கம்பியைத் துளையில் விட்டு நட்டைத் தள்ளினார். ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி சுற்றியது. முறுக்கும்போதும் இதே கதைதான். நீட்டி, நட்டைக் கையால் இறக்கி, அழுத்தத்தை விட்டால் ஸ்டட் சுருங்கி இறுக்கிக்கொள்ளும். அப்பா நான்கு நட்டை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றாகப் பாதிப் பாதித் திருகாக முறுக்குவார். ஹெட் கோணக் கூடாது என்பதற்காக. எட்டையும் ஒரே நேரத்தில் இறுக்க முடிந்தால் அந்தச் சிரமமே இல்லை.

கிரேன் கொக்கி இறங்கியது. மேலே எக்ஸாஸ்ட் வால்வையும் சேர்த்துத் தூக்குவதால் ஒரு டன்னைத் தாண்டும் பாரம். “ஹபேஸ்… ஹபேஸ்…” என்று ஃபிட்டர் கையை மேலே ஆட்ட, கவர் எங்கேயோ ஒட்டிக்கொண்டு ஒரு விநாடி முரண்டு பிடித்து, ‘ப்ளக்’ என்று பிடியை விட்டது. அணைந்த திரியின் வாசனை வந்தது, ஆயிரம் விளக்கை ஒன்றாக அணைத்ததுபோல. எட்டிப் பார்த்தேன். கறுத்த கிணறு. அடியில் பிஸ்டனின் தலை, சாம்பல் பூத்து. ஒரு ஆள் இறங்கி உட்காரலாம். அப்பா எஞ்சினில் என் கைமுஷ்டி மட்டும்தான் போகும். சின்ன வயதில் உள்ளே விழுந்த வாஷரை எடுக்க என் கையைத்தான் கேட்பார்.

கவருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு இரும்பு வளையம். மென்மையான இரும்பு, நசுங்கி அடைத்துக்கொள்வதற்காகவே அப்படி. உள்ளே வெடிக்கும்போது 150 பார் வரை எழும்பும் அழுத்தத்தை வெளியே விடாமல் பிடிப்பது அதுதான். சின்னப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் வளையம் அளவுதான் இருந்தது. ஃபிட்டர் அதை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த கவரின் அடிவிளிம்பைத் துணியால் துடைத்தார். டார்ச் அடித்தார். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து ஒரு சுற்று வந்தார். ஒரு இடத்தில் நகம் நின்றது.

“இங்க ஊதப் பாத்திருக்கு தங்கச்சி.”

தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல மங்கலாகப் பழுப்பில் ஒரு கோடு, விளிம்பின் குறுக்கே முக்கால் தூரம். வெளிப்பக்கம் வரைக்கும் வரவில்லை. செகண்ட் குனிந்து பார்த்தார், படம் எடுத்தார், என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

பிஸ்டனையும் வெளியே இழுத்து, வளையங்களை மாற்றி, சிலிண்டரின் உள்சுவரை மேலிருந்து கீழ்வரை அளந்து எழுதினார்கள். அது தனிக் கதை. எனக்கு அந்த நேரம் இபுவின் கடையில் காப்பி குடிக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது முன்பே சுத்தம் செய்து வைத்திருந்த உபரிக் கவர் ஒன்று புது வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கழற்றிய பழைய கவரைத் தளத்தின் மூலையில் மரக்கட்டைகள் மேல் இறக்கி, நான்கு பக்கமும் செயின் போட்டுக் கட்டியிருந்தார்கள். போகிற வழியில் அதற்கு வைத்தியம். பழைய வளையத்தைக் கழிவு இரும்புப் பீப்பாயில் போடப் போனார்கள். எனக்குக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். கேபின் கட்டிலுக்கு அடியில் வைத்ததை செகண்ட் ராத்திரி காலில் இடித்துக்கொண்டு கண்டுபிடித்தார்.

மக்காசார் நீரிணை

கிளம்பும்போது ஹாட்ச்சுகளுக்குள் ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி. இபு எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் சம்பலும் கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கினார். அண்டாவும் கோழிக்கூண்டும் பின்னால் இறங்கின. கோழி மட்டும் இல்லை.

நங்கூரம் தூக்குவதற்கு முன் எஞ்சினை மெதுவாக உருட்டிப் பார்த்து, காற்றை விட்டு ஊதிப் பார்த்து, அப்புறம் கிளப்பினார்கள். இவ்வளவு பெரிய எஞ்சினுக்குக் கயிறும் இல்லை, ஹேண்டிலும் இல்லை. 30 பார் காற்றைச் சிலிண்டருக்குள் முறை வைத்துச் செலுத்தி உதைத்து எழுப்புகிறார்கள். யானை பெருமூச்சு விட்டதுபோல ஒரு சீறல். இரண்டு உதை. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஃபிட்டர் நான்காவது கவரைச் சுற்றி விளிம்பு ஓரமாகக் கையை நகர்த்தி வந்தார், தொடாமல், ஒரு விரல் இடைவெளியில். எங்காவது காற்று கசிகிறதா என்று. அப்பாவும் கிளப்பிய எஞ்சினைச் சுற்றி இப்படித்தான் கை வீசுவார். கைக்குத் தெரியும் என்பார்.

மறுநாளிலிருந்து பழைய கவரின் வேலை. புரட்டிப் போட்டபோதுதான் அதன் முகத்தை முழுசாகப் பார்த்தேன். தோசைக்கல்லின் அடிப்பக்கம்போலக் கரி. நடுவில் எக்ஸாஸ்ட் வால்வு இருந்த பெரிய ஓட்டை. அதன் இரண்டு பக்கமும் எண்ணெய் பீய்ச்சும் ஃபியூயல் வால்வுகளுக்கு இரண்டு ஓட்டைகள். ஸ்டார்ட்டிங் காற்றுக்கு ஒன்று. டீசலில் ஊறவைத்து, மொக்கைச் சுரண்டியால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி சுரண்டி. பாஞ்ச் சாப் காலையில் வெள்ளையாகப் போய் மாலையில் நிலக்கரிச் சாக்குபோல வந்தான். பொறியியல் கல்லூரியில் நான்கு வருஷம் படித்து வந்த பையன். “இதையும் சொல்லித் தந்தாங்களா?” என்று கேட்டேன். “படமா இருந்திச்சு மேடம்” என்றான்.

கரி போனதும் கவரின் உடம்பு தெரிந்தது. முழுசாக அடித்துச் செய்த எஃகு. அதற்குள் நெருப்புப் பக்கத்துக்கு மிக அருகே துளைகள் போட்டுத் தண்ணீர் ஓட விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆயிரம் டிகிரிக்கு மேல் தீ, இந்தப் பக்கம் 80 டிகிரித் தண்ணீர். இடையில் இருக்கிற இரும்புதான் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வெடிகளை வாங்கிக்கொள்கிறது.

சுந்தா நீரிணை

விடியற்காலையில் செகண்ட் எழுப்பிக் கூட்டிப்போனார். இடப்பக்கம் ஜாவா, வலப்பக்கம் சுமத்ரா, நடுவில் இன்னும் இருட்டுப் போகாத தண்ணீரில் கறுப்பாக ஒரு கூம்பு. அனாக் கிரக்கத்தோவா. 1883 ஆகஸ்டில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியபோது எழுந்த அலைகளில் இந்த இரண்டு கரைகளிலும் 36,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் பள்ளத்திலிருந்து 1927-இல் தலைகாட்டியது இந்தப் பிள்ளை. ‘அனாக்’ என்றால் பிள்ளை. 2018 டிசம்பரில் ஒரு ராத்திரி இதன் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழ, மறுபடி அலை, மறுபடி சாவு. இப்போது சாதுவாக, உச்சியில் ஒரு நூல் புகையோடு நின்றது.

ஃபிட்டர் அண்ணனும் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுக்கு மணிக் கணக்குப் பாத்துக் கழட்டி மாட்ட ஆள் இல்ல தங்கச்சி” என்றார்.

அன்றைக்கு அவருக்கு ஃபியூயல் வால்வு சீட்டுகளைத் தேய்க்கும் வேலை. ஓட்டைக்குள் நேராக நிற்கும் ஒரு தண்டு, அதன் அடியில் பசை தடவிய தேய்ப்பான், மேலே கைப்பிடி. அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி, தூக்கி இடம் மாற்றி மறுபடி. அம்மியில் மசாலா அரைக்கிறவளுக்குத்தான் அந்தத் தாளம் புரியும். அழுத்தினால் வேலை கெடும், அழுத்தாவிட்டால் வேலை ஆகாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் துடைத்து, நீல மையை லேசாகப் பூசி, வால்வை வைத்து எடுத்துப் பார்ப்பார். நீலம் முழு வட்டமாக விழ வேண்டும். முதல் தடவை பிறை விழுந்தது. அப்புறம் அரை நிலா. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பௌர்ணமி.

“எங்கப்பா சீட்டைத் தேச்சதும் மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிருவாரு. காலையில வந்து பாத்து, அடியில ஈரம் இல்லன்னா சரின்னு விடுவாரு” என்றேன்.

“அதுக்கு மிஞ்சின டெஸ்ட்டு இல்ல” என்றார். “நானும் படிச்சது அங்கதான், திரேஸ்புரத்துல வள்ளத்து எஞ்சின்ல.” ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. தூத்துக்குடியில் கையெழுத்துப் போட்டு இறங்குகிறார். ஒன்பது மாதமாயிற்று வீட்டைப் பார்த்து.

தேவேந்திரமுனை

சுந்தாவை விட்டு வெளியே வந்ததும் இந்தியப் பெருங்கடல் தன் சுபாவத்தைக் காட்டியது. தென்மேற்குப் பருவக்காற்று. கப்பல் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து, தண்ணீர்க் குடம் தூக்கிய பெண்ணைப்போல நடந்தது. மெஸ்ஸில் மேசை விரிப்பை ஈரப்படுத்தி அதன் மேல் தட்டு வைத்தார் பண்டாரி. ஈரத்தில் தட்டு வழுக்காது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எந்தக் கடலானாலும் தவறாது. நான் மட்டும் அன்றைக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்திருந்தேன். காலையும் மாலையும் மேலே ஆட்கள் ஹாட்ச்சுகளின் சூட்டையும் வாயுவையும் அளந்து எழுதிப் போனார்கள். இந்தோனேசிய நிலக்கரி சும்மா கிடக்கும்போதே சூடேறும் குணமுள்ளது.

ஆட்டம் கொஞ்சம் தணிந்த நாளில் கவருக்குச் சாயப் பரிசோதனை. முகத்தைக் கண்ணாடிபோலத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்துக் காத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் சாயம் உள்ளே இறங்கிக்கொள்ளும். பிறகு மேலே இருப்பதைத் துடைத்தெடுத்து, சுண்ணாம்புபோல வெள்ளைப் பொடியைத் தெளித்தார்கள். இரும்புக்குள் ஒளிந்த சாயத்தை வெள்ளை உறிஞ்சி வெளியே கொண்டுவரும். படா சாப், செகண்ட், தீன் சாப், ஃபிட்டர், நான். யாரும் பேசவில்லை.

வெள்ளையில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. ஒரு ஃபியூயல் வால்வு ஓட்டையின் பக்கத்தில், அரை விரல் நீளம். புதுச் சுவரில் குங்குமம் தீற்றியதுபோல.

வெடிப்பு என்றால் இந்தக் கவர் கரைக்குப் போக வேண்டியதுதான்; கப்பலில் வேறு உபரி இல்லை. படா சாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். செகண்டுக்கு உதடு காய்ந்திருந்தது. ஃபிட்டர் மட்டும் உட்கார்ந்து, பொடியைத் துடைத்து, அந்த இடத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார். நகத்தை ஓட்டினார். தலையை ஆட்டினார். மறுபடி சாயம். மறுபடி காத்திருப்பு. மறுபடி வெள்ளை. இந்த முறை வெள்ளையாகவே இருந்தது.

“சுரண்டிக் கீறல்” என்றார். எல்லாரும் பாஞ்ச் சாப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் கையைப் பார்த்தான்.

அன்று ராத்திரி இலங்கையின் தென்கோடி, தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கம் வலப்பக்கம் சுற்றிச் சுற்றிக் கண் சிமிட்டியது. கவருக்குப் புது ரப்பர் வளையங்கள் போட்டு, துளைகளை எல்லாம் மூடி, எண்ணெய் பூசித் தார்ப்பாய் போர்த்திவிட்டார்கள். அடுத்த திறப்புக்கு இதுதான் உபரி.

தூத்துக்குடி

மன்னார் வளைகுடாவில் நுழைந்த ராத்திரி ஃபிட்டர் தூங்கவில்லை. தூரத்தில் மணப்பாட்டு விளக்கைக் காட்டி, “அங்கதான் எங்க மதினி வீடு” என்றார், நான் எட்டிக் கூப்பிட்டுவிடலாம் என்பதுபோல. விடிந்ததும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அப்புறம்தான் ஊர்.

எங்கள் கிரேன்கள் கீழே கொட்டிய நிலக்கரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்று உறைத்தது. 1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு கரிசல்காட்டுக் கிணறுகளில் ஆயில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்பா பட்டறை வாசலில் வரிசை நின்ற எஞ்சின்களின் இடத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வந்தது. அவருடைய தொழிலைத் தின்ற கரண்ட்டின் மூலப்பொருளோடுதான் நான் இத்தனை நாள் படுத்து எழுந்திருக்கிறேன். அவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “அந்தக் கரண்ட்டுலதான நம்ம வீட்டு ஃபேனும் ஓடுது” என்றார்.

சாமான்களைச் சோதித்தவர் வளையத்தை வெளியே எடுத்தார். “என்னம்மா இது?”

“ஹெட் கேஸ்கெட் சார்.”

“எந்த வண்டிக்கு?”

பின்னால் நின்ற கப்பலைக் காட்டினேன். அவர் கப்பலையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

கோவில்பட்டியில் அப்பா பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இப்போது ஜெனரேட்டர் எப்போதாவது வரும், அவ்வளவுதான். நான் எதுவும் சொல்லாமல் வளையத்தை அவர் மடியில் வைத்தேன். காட்டன் வேஸ்ட்டால் துடைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்து, கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே மெதுவாகச் சுற்றினார். ஒரு இடத்தில் நகம் நின்றது.

“இங்க ஊதப் பாத்திருக்கு தாயி.”

“ஆமாப்பா.”

“எத்தனை மணி நேரம் ஓடுனது?”

“15,800.”

உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். எழுந்து, ஃபேன் பெல்ட்டுகள் தொங்கும் ஆணியில் வளையத்தை மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார்.

“விட்டிருந்தா இன்னும் ஆறு மாசம் ஓடியிருக்கும்” என்றார்.